கோடையில் அடை வைப்பு: சிறுவிடைக்கு அடியில் பெருவிடை முட்டை

புதுப்பண்ணை:
அனைவருக்கும் வணக்கம். இடம் தாராபுரம் பக்கம். சிறுவிடைக் கோழி (சிறிய உடல்வாகுள்ள நாட்டுக்கோழி) ஒன்று முட்டை இட்ட கூடையை விட்டு எழ மறுக்கிறது. பக்கத்தில் போனால் இறகைச் சிலிர்த்து, தொண்டைக்குள் உறுமி, கையைக் கொத்துகிறது. நெஞ்சுப் பக்கம் இறகு உதிர்ந்து தோல் தெரிகிறது. அதற்கு அடியில் பெருவிடை (கனத்த நாட்டுக்கோழி) முட்டை வைத்துக் குஞ்சு எடுக்க விருப்பம். பங்குனி பாதி தாண்டிவிட்டது, வெயில் கடுமை. கூடை இருப்பது தகரக் கொட்டகையில். சமையலறையில் சேர்த்து வைத்த பெருவிடை முட்டை 15 இருக்கிறது. எது எந்த நாள் முட்டை என்று பிரித்துச் சொல்ல முடியாது. எத்தனை வைக்கலாம்? இடம் மாற்றினால் அடை கலையுமா? இந்த வெயிலில் பொரிக்குமா?

அமராவதிக்கரை:
முதலில் அடை உறுதிதானா என்று பாருங்கள். பகலில் கூடையில் கிடப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். முட்டை இட உட்காரும் கோழியும் ஒன்றிரண்டு மணி நேரம் எழாது. இரவு 8 மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். மற்றவை மரத்திலோ பரணிலோ அடைந்திருக்க, இது மட்டும் கூடையிலேயே கிடந்தால் அடைதான். தொடர்ந்து 2 இரவு அப்படியே இருந்தால் நம்பி முட்டை வைக்கலாம்.

தகரக் கொட்டகை வேண்டவே வேண்டாம். பங்குனி, சித்திரை மதியத்தில் தகரத்துக்குக் கீழே 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். முட்டைக்குத் தேவை 37.5 டிகிரி சுமார். சுற்றியுள்ள காற்றே அதைவிடச் சூடானால் கோழி வாயைப் பிளந்து இரைக்கும், எழுந்து நிற்கும், கடைசியில் கூடையை விட்டே இறங்கிவிடும். இறங்கினாலும் முட்டை ஆறாது, வெந்துகொண்டுதான் இருக்கும். கரு குளிர்ச்சியைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும், அதிகச் சூட்டைப் பொறுக்காது. ஓலைக் கொட்டகை, ஓட்டுச் சார்ப்பு, தொழுவத்தில் மேற்கு வெயில் படாத சுவரோரம், இதில் ஏதாவது ஒன்றைப் பாருங்கள். இருட்டாகவும் ஆள் நடமாட்டம் இல்லாமலும் இருக்க வேண்டும், ஆனால் காற்று வர வேண்டும்.

இடம் மாற்றுவதை இரவில் செய்யுங்கள். கோழியைத் தனியே தூக்காமல் கூடையோடு தூக்கினால் பாதிக் கவலை குறையும். புது இடத்தில் கூடைக்கு மேல் பஞ்சாரத்தை (கோழியை மூடி வைக்கும் பெரிய பின்னல் கூடை) கவிழ்த்து, பாதிப் பக்கம் சாக்குப் போட்டு மூடுங்கள். அடியில் சோதனைக்குக் கடையில் வாங்கிய முட்டை 3 வையுங்கள், உங்கள் நல்ல முட்டையை இப்போது வைக்க வேண்டாம். மறுநாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கி, தீனி தண்ணீர் காட்டி, அது தானாகப் புதுக் கூடைக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். பழைய இடத்துக்கு ஓடினால் பழைய இடத்தை அடைத்துவிடுங்கள். தானாகத் திரும்பிய பிறகுதான் முட்டை வைப்பு, அதுவும் ராத்திரியில், எல்லா முட்டையும் ஒரே நேரத்தில்.

கரிசல்காடு:
நாள் தெரியாத அந்த 15 முட்டையை வைக்காதீர்கள். அடை வைப்பில் வீணாகும் முட்டைகளில் பெரும்பகுதி, கோழிக்கு அடியில் போகும் முன்பே வீணாகிவிடுகிறது. கோழியைக் குறை சொல்வார்கள், சேவலைக் குறை சொல்வார்கள், முட்டை எங்கே இருந்தது என்று கேட்க மாட்டார்கள்.

காரணம் இதுதான். இட்ட முட்டைக்குள் கரு ஏற்கெனவே கொஞ்சம் வளர்ந்த நிலையில் இருக்கிறது. ஏறக்குறைய 21 டிகிரிக்குக் கீழே வைத்தால் வளர்ச்சி நின்று உறங்கும். அதற்கு மேலே போனால் மெல்ல வளரத் தொடங்கும். நம் சமையலறை பங்குனியில் 33, 34 டிகிரி. அந்தச் சூடு முழு வளர்ச்சிக்குப் போதாது, உறங்குவதற்கும் விடாது. கரு அரைகுறையாக வளர்ந்து பலவீனப்பட்டுச் செத்துப்போகும். 7ஆம் நாள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு "சேவல் மிதிக்கவில்லை, எல்லாம் கூமுட்டை (கரு கூடாத முட்டை)" என்று சொல்கிறோம். சேவல் மேல் குற்றமே இல்லை.

செய்ய வேண்டியது: இன்றிலிருந்து முட்டையை இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்து, பென்சிலால் தேதி எழுதுங்கள். அகலமான மண்சட்டியில் ஆற்று மணலை முக்கால்வாசி நிரப்பி, ஓரமாகத் தண்ணீர் ஊற்றி மணலை ஈரப்படுத்துங்கள். அதற்கு நடுவில் ஒரு சிறு மண்கலயத்தைப் பதித்து, உள்ளே காய்ந்த வைக்கோலோ துணியோ போட்டு, முட்டையின் கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். ஈரம் கலயத்தின் வெளிப்பக்கம் மட்டும் படட்டும், முட்டையைத் தொடக்கூடாது. மேலே பருத்தித் துணி. வீட்டிலேயே குளிர்ந்த மூலையில், தரையில் வையுங்கள். காலை மாலை மணலில் தண்ணீர் தெளிக்க வேண்டும். இப்படி வைத்தாலும் கோடையில் 5 நாளுக்கு மேல் வேண்டாம். மார்கழி, தையில் 7 நாள் வரை போகலாம். அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிக்கும் விகிதம் இறங்கும்.

சுத்தமான முட்டையாகப் பொறுக்குங்கள். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடைக்கலாம், பச்சைத் தண்ணீரில் கழுவக் கூடாது. சூடான முட்டை குளிர்ந்த நீரில் படும்போது உள்ளே சுருங்கி, ஓட்டின் நுண்துளை வழியே வெளி அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடையில் நாறி வெடிக்கும் முட்டைகளில் பல இப்படிக் கழுவியவை. மெல்லிய ஓடு, சொரசொரப்பான ஓடு, மயிரிழை விரிசல், அளவுக்கு மீறிப் பெரியது, இளம் பெட்டை முதன்முதல் இடும் சிறு முட்டை, எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். இரண்டு முட்டையை ஒன்றோடொன்று மெதுவாகத் தட்டினால் விரிசல் விட்டது மந்தமாகச் சத்தம் கொடுக்கும்.

புதுப்பண்ணை:
நன்றி அண்ணா. ஃப்ரிட்ஜில் வைத்தால் நாள் கூடுமா? அப்புறம், பெருவிடை முட்டை பேருந்தில் போட்டு அனுப்புகிறோம் என்கிறார்கள், வாங்கலாமா?

கரிசல்காடு:
வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரி சுமார். அது அடை முட்டைக்கு அளவுக்கு மீறிய குளிர், கரு சாக வாய்ப்பு அதிகம். 13 முதல் 18 டிகிரி வரைதான் நல்லது. அப்படி ஒரு இடம் கிராமத்தில் கிடைக்காது, அதனால்தான் மணல் சட்டி.

பேருந்து முட்டையில் குலுங்கல் பிரச்சினை. அகலமான முனையில் இருக்கும் காற்றறை கழன்றுபோகும். வாங்கியே ஆக வேண்டும் என்றால், வந்தவுடன் கூர்முனை கீழாக நிறுத்தி ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு அப்புறம் அடைக்கு விடுங்கள். பாதி பொரித்தால் நல்ல பலன் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பக்கத்து ஊரில் கேட்டு மடியில் வைத்துக் கொண்டுவரும் முட்டைக்கு எதுவும் ஈடாகாது.

சொந்தச் சேவல் என்றால் எண்ணிக்கையையும் பாருங்கள். சிறுவிடையில் ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை. கனத்த பெருவிடைச் சேவலுக்கு 5, 6 போதும். புதுச் சேவல் விட்டால் 10 நாள் கழித்து முட்டை சேருங்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் 2 வாரம் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் தங்கும். சாதி சுத்தம் வேண்டுமென்றால் 3 வாரம் பொறுக்க வேண்டும்.

அமராவதிக்கரை:
எண்ணிக்கைக்கு வருகிறேன். சிறுவிடை தன் முட்டையில் 9 முதல் 11 வரை தாங்கும். பெருவிடை முட்டை பெரியது, அதனால் 7 அல்லது 8க்கு மேல் வைக்காதீர்கள். முட்டை வைத்துக் கோழி அடங்கி உட்கார்ந்த பின், தரையோடு தலையைச் சாய்த்து நாலு பக்கமும் பாருங்கள். ஒரு முட்டையின் ஓரம் தெரிந்தாலும் ஒன்றை எடுத்துவிட வேண்டும்.

"ஒன்று கூடப் போனால் ஒன்றுதானே கெடும்" என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கோழி நாள் முழுக்க அலகால் முட்டையை உருட்டி, நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் மாற்றிக்கொண்டே இருக்கும். கூடுதலாக ஒன்று இருந்தால் ஒவ்வொரு முட்டையும் முறை வைத்து வெளியே போய்க் குளிரும். ஒன்றின் பேராசையில் நாலைந்து போகும்.

ஒற்றைப்படையாக வைப்பது வழக்கம். நடுவில் ஒன்று, சுற்றி மற்றவை என்று வட்டமாக அமையும். இரட்டைப்படை வைத்தாலும் பொரிக்கும், அதற்காகக் கவலை வேண்டாம்.

வடலி:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் பனையோலைக் கடகத்திலதான் கூடுதலாக அடை வைக்கிறது. காத்துப் போகும், பாரமில்லை, கோழியோட தூக்கி மாத்தலாம். கடகத்தின் வாய் ஒண்டரை அடி போதும். அடியில 3 அங்குலம் மணல், அதுக்கு மேல வைக்கோல். கையால அமத்தி நடுவைக் கொஞ்சம் பள்ளமாக்க வேணும். பள்ளம் கூடினால் முட்டை ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறும், உருட்டேக்க உடையும். பள்ளமே இல்லையெண்டால் ஓரத்துக்கு உருண்டு குளிரும்.

தும்பு, சாக்கு நூல், சணல் பிரி இதுகளை மெத்தையாகப் போடாதேங்கோ. பொரிச்ச குஞ்சின்ர காலில நூல் சுத்தி இறுகினால் கால் செத்துப்போகும். வைக்கோலையும் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிப் போடுறது நல்லம்.

கோடையெண்டால் கீழ இருக்கிற மணலுக்கு ஓரத்தால கொஞ்சம் தண்ணி விடலாம். முட்டை இருக்கிற இடம் ஈரமாகாமல் பார்க்க வேணும். மாரியில மணல் வேண்டாம், அது ஈரத்தை இழுத்து வைக்கும். அப்ப உமி நல்லது.

மருந்துப்பெட்டி:
எல்லோரும் முட்டையைப் பேசுகிறீர்கள், கோழியையும் கொஞ்சம் பாருங்கள். அடைக் கோழி பாதியில் எழுந்துபோவதற்கு முதல் காரணம் செல். சிவந்த பொடிப் பூச்சி. பகலில் கோழி மேல் இருக்காது, கூடையின் பின்னல் இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருக்கும். ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். 3 வாரம் ஒரே இடத்தில் அசையாமல் கிடக்கும் கோழி அதற்கு வசதி. தொல்லை தாங்காமல் 12ஆம் நாள், 15ஆம் நாள் கோழி இறங்கி ஓடும். இறங்காமல் கிடந்தால் ரத்தம் குறைந்து கொண்டை வெளுத்துவிடும். குஞ்சு பொரித்த அன்றே அதன் மேல் ஏறும்.

அடை வைக்கும் முன் கூடையைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி 2 நாள் வெயிலில் போடுங்கள். புதுக் கூடை என்றாலும் வெயில் காட்டுங்கள். கோழியைப் பிடித்து இறக்கைக்கு அடியிலும் கழுத்திலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்கிப் பாருங்கள். இறகின் அடியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது பேன் முட்டை. வைக்கோலுக்கு அடியில் சலித்த விறகுச் சாம்பலைப் பரப்பி, காய்ந்த வேப்பிலை அல்லது நொச்சி இலையைப் போடலாம். வெளியே பக்கத்திலேயே சாம்பலும் மணலும் கலந்த ஒரு குழி இருந்தால், எழுந்து வரும்போது புரண்டுவிட்டுப் போகும். பூச்சிமருந்து அடிப்பதென்றால் காலிக் கூடைக்கு மட்டும், கால்நடை மருந்தகத்தில் சொல்லும் அளவில் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு பயன்படுத்துங்கள். முட்டை மேலோ உட்கார்ந்திருக்கும் கோழி மேலோ படவே கூடாது. மண்ணெண்ணெயும் கூடாது, ஓட்டின் துளை வழியே உள்ளே போகும்.

அடை வைத்த பிறகு 2ஆம் வாரத்தில் ஒரு ராத்திரி டார்ச்சோடு போய்க் கூடை விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். விரலில் சிவப்புப் பொட்டு தெரிந்தால் இன்னொரு கூடையைத் தயார் செய்து அப்போதே மாற்றிவிட வேண்டும்.

குடற்புழு மருந்து, தடுப்பூசி எல்லாம் கோழி முட்டை இடத் தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். அடையில் இருக்கும்போது ஊசி போட வேண்டாம். ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல் நோய்) தடுப்பூசி போட்ட தாயின் எதிர்ப்புச் சக்தி மஞ்சள்கரு வழியே குஞ்சுக்குப் போகும். பெருவிடை முட்டையைச் சிறுவிடைக்கு வைக்கும்போது அந்தச் சக்தி முட்டை இட்ட பெருவிடையிடமிருந்துதான் வரும், அடை காக்கும் கோழியிடமிருந்து வராது. அதனால் முட்டை வாங்கும் இடத்தில் தடுப்பூசி விவரம் கேளுங்கள்.

ஓலைச்சார்ப்பு:
தீனி விஷயத்தில் ஒரு கேள்வி. கூடைக்குப் பக்கத்திலேயே தீனி தண்ணீர் வைக்கலாமா? சில கோழி எழுவதே இல்லை.

அமராவதிக்கரை:
கூடையை ஒட்டி வைக்காதீர்கள். உட்கார்ந்தபடியே தின்று, உட்கார்ந்த இடத்திலேயே எச்சம் போட்டுவிடும். அடைக்கோழியின் எச்சம் பெரிய கட்டியாக, நாற்றமாக இருக்கும், முட்டையில் அப்பினால் துளை அடைபடும். 5, 6 அடி தள்ளி வையுங்கள். நாளுக்கு ஒரு முறை 15 முதல் 20 நிமிடம் எழுந்து தின்று, குடித்து, எச்சம் போட்டு, மண்ணில் புரண்டு, திரும்ப வேண்டும். கோடையில் அரை மணி ஆனாலும் முட்டைக்கு ஒன்றும் ஆகாது.

எழாத கோழியைத் தினமும் ஒரே நேரத்தில், விடியற்காலையில், நாமே இறக்கிவிட வேண்டும். அப்படியே தூக்கினால் இறக்கைக்குள் சிக்கிய முட்டை கீழே விழுந்து உடையும். ஒரு கையை இறக்கைக்குள் விட்டு முட்டையைத் தள்ளிவிட்டு, பிறகு தூக்குங்கள்.

தீனிக்கு முழுத் தானியம்: கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம். எச்சம் இறுகி விழும், உடம்பிலும் நிற்கும். மாவுத் தீவனம் கழிச்சலாக்கும். 3 வாரத்தில் எப்படியும் எடை குறையும், அது இயல்பு. தண்ணீர் மட்டும் ஒரு நாளும் தவறக் கூடாது.

கரிசல்காடு:
இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. நாட்டுக்கோழியில் பெரும்பாலானவை தானாகவே எழும், நாம் இல்லாத நேரம் பார்த்து எழும். "எழவே இல்லை" என்று தினமும் இறக்கிவிட்டால் மிரண்டுபோய் அடையைக் கலைக்கும் கோழியும் உண்டு. முதல் 2 நாள் தொடவே வேண்டாம். அப்புறம் வைத்த தீனி குறைகிறதா, சுற்றி எச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள். ரெண்டும் இல்லையென்றால் மட்டும் இறக்குங்கள்.

அமராவதிக்கரை:
அது சரி. எச்சத்தைப் பார்த்து முடிவு செய்வது நல்ல வழி.

புதுப்பண்ணை:
அதே கூடையில் வேறு கோழிகளும் முட்டை இட வருகின்றன. அந்த முட்டையையும் அடையில் விட்டுவிடலாமா?

கரிசல்காடு:
கூடவே கூடாது. அடை முட்டை ஒவ்வொன்றிலும் பென்சிலால் சுற்றிக் கோடு போடுங்கள். கோடு இல்லாத முட்டை கண்ணில் பட்டால் அன்றே எடுத்துவிடுங்கள். 5 நாள் பிந்திச் சேர்ந்த முட்டை பொரிக்காது. முதல் குஞ்சு வந்து ஒன்றிரண்டு நாளில் தாய் கூடையை விட்டு இறங்கிவிடும், பின்தங்கிய முட்டை உயிரோடு குளிர்ந்து சாகும். பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைத்து, தீனி நேரம் மட்டும் திறந்தால் இந்தத் தொல்லையே வராது. நாய், பூனை, கீரி, பெருச்சாளிக்கும் அதுதான் காவல். பாம்பு வரும் இடமென்றால் சுற்றி அரை அங்குலக் கண் வைத்த கம்பி வலை வேண்டும், பஞ்சாரக் கண்ணில் பாம்பு நுழைந்துவிடும்.

ஓலைச்சார்ப்பு:
விளக்கு அடித்துப் பார்ப்பது அவசியமா? "அடை முட்டையில் கை வைக்காதே" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள்.

கரிசல்காடு:
7ஆம் நாள் ஒரு முறை, 14ஆம் நாள் ஒரு முறை. அவ்வளவு போதும். இருட்டிய பிறகு, கைபேசி டார்ச்சின் மேல் ரூபாய் நாணய அளவு ஓட்டை போட்ட அட்டையை வைத்து, முட்டையின் அகல முனையை அதில் அழுத்திப் பாருங்கள். ஒரு முட்டைக்கு 10 விநாடி.

7ஆம் நாள் நல்ல முட்டையில் ஒரு கருப்புப் பொட்டும் அதிலிருந்து சிலந்தி காலை விரித்த மாதிரி நரம்புகளும் தெரியும். ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் கரு கூடாதது. நரம்பு இல்லாமல் சிவப்பாக ஒரு வளையம் மட்டும் தெரிந்தால் கரு பிடித்து 3, 4 நாளில் செத்தது. தெளிவாக இருப்பது அதிகமானால் சேவலைப் பாருங்கள். வளையம் அதிகமானால் முட்டை சேமித்த விதத்தையும் சூட்டையும் பாருங்கள். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்துகொள்ளவே விளக்கு அடிக்கலாம்.

14ஆம் நாள் காற்றறை தவிர மற்ற பகுதி பெரும்பாலும் இருண்டு, உள்ளே அசைவு தெரியும். கலங்கி அங்குமிங்கும் ஆடும் திரவம், ஓட்டில் வியர்வை, நாற்றம், இதில் எது இருந்தாலும் உடனே வெளியே. அது வெடித்தால் மற்ற முட்டைகளும் போகும். 18ஆம் நாளுக்குப் பிறகு எடுக்கவே வேண்டாம். குஞ்சு தலையைக் காற்றறைப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கும் நேரம் அது.

வடலி:
இன்னுமொரு பழக்கம் இருக்கு. 18, 19ஆம் நாளில இளஞ்சூட்டுத் தண்ணியில முட்டையை விட்டு, ஆடினால் உயிர், ஆடாட்டில் கூழ் எண்டு பாக்கிறது. வேண்டாம். மயிரிழை வெடிப்பு இருந்தால் தண்ணி உள்ள போய்க் குஞ்சு மூச்சு முட்டும்.

ஓலைச்சார்ப்பு:
இடி இடித்தால் முட்டை கெடும் என்று கூடையில் இரும்புத்துண்டு, கரி, மிளகாய் வற்றல் போடுகிறார்களே?

அமராவதிக்கரை:
இடிச் சத்தம் கருவைக் கொல்வதில்லை. இடியோடு வரும் மழைதான் விஷயம். சாரல் கூடையில் விழும், வைக்கோல் ஊறும், முட்டை குளிரும், ஈரத்தில் பூஞ்சணம் வரும். கோழி மிரண்டு எழுந்து முட்டையை மிதிப்பதும் உண்டு. இரும்பும் கரியும் போடுவதால் கெடுதல் இல்லை, பெரியவர்கள் மனம் நோகாமல் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே சாரல் அடிக்கும் பக்கம் தட்டி கட்டுங்கள். கூர்மையான இரும்பு மட்டும் வேண்டாம்.

கோழி பயந்து ஓடி ஒன்றிரண்டு மணி நேரம் முட்டை குளிர்ந்தாலும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். திரும்ப உட்கார வைத்து, 3 நாள் கழித்து விளக்கு அடித்துப் பாருங்கள். பல சமயம் பிழைத்திருக்கும், பொரிப்பு மட்டும் ஒரு நாள் தள்ளிப்போகும்.

மருந்துப்பெட்டி:
கடைசி 3 நாளில் கோழியை விட எறும்புக்குத்தான் பயப்பட வேண்டும். குஞ்சு ஓட்டை மூக்கால் குத்தித் துளை போட்டவுடன் அந்த ஈர வாசனைக்கு எறும்பு வரும், ஓட்டுக்குள் புகுந்து குஞ்சைக் கடித்தே கொன்றுவிடும். 17ஆம் நாளே கூடையை 4 செங்கல் மேல் ஏற்றி, செங்கல்களைத் தண்ணீர் ஊற்றிய தட்டுகளில் நிறுத்துங்கள். கூடை சுவரைத் தொடக் கூடாது. குஞ்சு விழுந்து மூழ்காதபடி தட்டில் தண்ணீர் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், மேலே கூழாங்கல் பரப்புங்கள். மஞ்சள்தூளும் சாம்பலும் சுற்றிப் போடுவது ஓரளவுக்கு உதவும், அதை மட்டும் நம்ப முடியாது. இடையில் முட்டை உடைந்தால் அந்த வைக்கோலையே மாற்றிவிடுங்கள்.

புதுப்பண்ணை:
21ஆம் நாள் வராத முட்டையை உடைத்து உதவலாமா?

கரிசல்காடு:
அவசரப்படக் கூடாது. குஞ்சு முதலில் உள் சவ்வைக் கிழித்துக் காற்றறையில் மூச்சு விடும், அப்போது முட்டையைக் காதில் வைத்தால் கீச்சுச் சத்தம் கேட்கும். அதன் பின் ஓட்டில் ஒரு துளை. துளைக்கும் முழுதாக வெளியே வருவதற்கும் நடுவே 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தில் சவ்வில் ஓடும் ரத்தம் குஞ்சின் உடம்புக்குள் போகிறது, மீதி மஞ்சள்கரு வயிற்றுக்குள் இழுபடுகிறது. நாம் உரித்தால் ரத்தம் கசிந்து சாகும், அல்லது தொப்புள் மூடாத குஞ்சாக வரும். ஒரு நாளைத் தாண்டியும் துளை பெரிதாகாமல் சவ்வு காய்ந்து ஒட்டியிருந்தால் மட்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்கித் திரும்பத் தாய்க்கு அடியில் வையுங்கள். ரத்தம் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

கோடைக் காற்று வறண்டிருக்கும்போது இது அதிகம் நடக்கும். 18ஆம் நாளிலிருந்து கூடையின் வெளி ஓரத்திலும் அடி மணலிலும் வெதுவெதுப்பான நீர் தெளிப்பது அதற்காகத்தான்.

முன்னால் வந்த குஞ்சுக்குத் தீனி இல்லையே என்று தாயை இறக்காதீர்கள். வயிற்றில் உள்ள மஞ்சள்கரு 2 நாளுக்குத் தாங்கும். 23ஆம் நாள் முடிந்தும் சத்தம் இல்லாத முட்டையை எடுத்து, தள்ளிப் போய் உடைத்துப் பாருங்கள். முழு வளர்ச்சியோடு, ஓட்டில் துளையே இல்லாமல் செத்திருந்தால் கடைசி வாரக் குளிர்ச்சி அல்லது வறட்சி. துளை போட்டுவிட்டுச் செத்திருந்தால் வறட்சி, எறும்பு, அல்லது அடிக்கடி கோழியைத் தூக்கியது. உள்ளே எல்லாம் கருத்து நாறினால் முட்டை அழுக்கு. அடுத்த அடைக்கு எதைத் திருத்த வேண்டும் என்பதை அந்த முட்டை சொல்லிவிடும்.

மருந்துப்பெட்டி:
குஞ்சு இறங்கிய பின்: முதல் நாள் கொதித்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கலந்து, ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள். தீனிக்கு அரிசி நொய், கம்பு நொய், உடைத்த கேழ்வரகு. குஞ்சுத் தீவனம் கிடைத்தால் முதல் 6 வாரம் அதுவே நல்லது, 20 சதவீதப் புரதம் அதில்தான் கிடைக்கும். தானியம் மட்டும் போட்டால் இறகு முளைக்காமல் குறுகி நிற்கும். கறையான் நல்ல புரதம்: பழைய பானையில் காய்ந்த சாணி, கந்தல் சாக்கு, ஓலை எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் சேர்ந்திருக்கும்.

5 முதல் 7 நாளில் ராணிக்கெட்டுக்கு எஃப்1 அல்லது லசோட்டா தடுப்பு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. 4ஆம் வாரம் லசோட்டா மறுபடி. 8 வாரத்துக்கு மேல் ஆர்2பி ஊசி. மருந்தை ஐஸ் கட்டியோடு கொண்டுவந்து, கலக்கிய 2 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். 3ஆம் வாரம் எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக்கழிச்சல். பஞ்சாரத்தின் தரையைக் காயவைத்து, அன்றே கால்நடை மருந்தகம் போங்கள்.

முதல் 2 வாரம் பகலிலும் பஞ்சாரத்துக்குள் வையுங்கள். பருந்தும் காகமும் கொண்டுபோவது அந்த வயதில்தான்.

ஓலைச்சார்ப்பு:
வாத்து முட்டை, மயில் முட்டை வைக்கலாமா?

வடலி:
தாரா (வாத்து) முட்டை 28 நாள். கோழி முட்டையோட கலந்தால் தாராவை ஒரு கிழமை முந்தி வைக்க வேணும். கினிக்கோழியும் 26, 28 நாள். கோழி அவ்வளவு நாளும் கிடக்கும், ஆனால் நல்லாத் தின்னக் குடுக்க வேணும்.

அமராவதிக்கரை:
மயில் முட்டையை எடுப்பதே குற்றம். 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. வயலில் கண்டால் அப்படியே விட்டுவிடுங்கள்.

புதுப்பண்ணை:
எல்லாம் குறித்துக்கொண்டேன். இன்னொரு கோழியும் அடைக்கு உட்காருகிறது, அதற்கு வைக்க முட்டை இல்லை. தண்ணீரில் முக்கு, மூக்கில் இறகு குத்து என்கிறார்கள்.

மருந்துப்பெட்டி:
ரெண்டும் செய்யாதீர்கள். மூக்கில் இறகைக் குத்தினால் புண்ணாகிச் சளி பிடிக்கும், மூச்சுக்கே திணறும். அந்த வேதனையில் எழுந்து சுற்றுவதைப் பார்த்து அடை கலைந்தது என்கிறார்கள். அடைக்குக் காரணம் உடம்பில் ஊறும் புரோலாக்டின் என்ற சுரப்பு. வயிற்றின் அடியில் சூடும் மெத்தையும் இருட்டும் இருக்கும்வரை அது குறையாது. அதனால் எதிர்மாறாகச் செய்யுங்கள்: அடிப்பக்கம் கம்பி வலை உள்ள கூண்டு, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், வெளிச்சமும் காற்றும் படும் நிழலில். வைக்கோல் எதுவும் கூடாது. தீனி, தண்ணீர் குறைவில்லாமல். 3, 4 நாளில் தெளிந்துவிடும். உட்கார்ந்து வாரக்கணக்கான கோழிக்கு ஒரு வாரம் பிடிக்கும். வெளியே விட்டதும் பழைய கூடைக்கு ஓடினால் இன்னும் ஒரு நாள் கூண்டு. உடம்பில் சத்து இருந்தால் 2 வாரத்தில் மறுபடி முட்டைக்கு வரும்.

அமராவதிக்கரை:
ஒரு எச்சரிக்கை. பொரித்த குஞ்சை எடுத்துவிட்டு, அதே கோழிக்கு உடனே இன்னொரு ஈடு முட்டை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 42 நாள் தொடர்ந்து கிடந்தால் நெஞ்செலும்பு கத்தியாகத் துருத்திவிடும், எழுந்து நடக்கத் தள்ளாடும், சில சமயம் கூடையிலேயே செத்துக் கிடக்கும். ரெண்டு கோழி ஒரே நாளில் பொரித்தால் இரண்டு ஈட்டுக் குஞ்சையும் ஒரு தாயோடு சேர்க்கலாம். பொரித்த முதல் 2 நாளுக்குள், ராத்திரியில், இருட்டில் அடியில் விட வேண்டும்; பகலில் விட்டால் கொத்திக் கொல்லும். கோடையில் ஒரு தாய்க்கு 15 குஞ்சு, குளிர் நாளில் 10. விடுபட்ட கோழியைக் கம்பிக் கூண்டில் போட்டுத் தெளிய வையுங்கள். குஞ்சோடு இருக்கும் தாயை 8 வாரத்தில், அது குஞ்சைத் தலையில் கொத்தி விலக்கத் தொடங்கும்போது பிரித்தால் போதும்.